45 பேர் வகுப்பில் கலைச்சொல் கற்பிக்க எது உதவும்: ஸ்மார்ட் போர்டா, பிளிக்கர்ஸா, கஹூட்டா, அன்கியா?

“நிறை என்பது பொருளின் எடை ஆகும்.” ஒன்பதாம் வகுப்பு அறிவியல் விடைத்தாளில் அடிக்கடி கண்ணில் படும் விடை இது. எழுதிய பிள்ளை பாடத்தைப் படிக்காமல் வந்ததில்லை. கடையில் “எடை எவ்வளவு?” என்று கேட்டால் “ரெண்டு கிலோ” என்றுதான் பதில் வரும். இயற்பியலில் கிலோகிராம் நிறைக்கு, எடைக்கு நியூட்டன். ஊரே ஒரு பொருளில் பேசும் சொல்லை வகுப்பறை வேறு பொருளில் கேட்கிறது. வேலை, திறன், ஆற்றல், செறிவு என்று இப்படிப்பட்ட சொற்கள் பாடத்துக்குப் பத்தாவது இருக்கும்.

இதைக் கற்பிக்க இப்போது பல கருவிகள் இருக்கின்றன. சில வகுப்புகளில் ஸ்மார்ட் போர்டு, பல பள்ளிகளில் ஹைடெக் லேப், ஆசிரியர் கையில் போன். எதைப் பிடிப்பது என்பதில்தான் குழப்பம். தமிழ்வழியில் 8 முதல் 12 வரை அறிவியல் நடத்தும், வகுப்பில் 40 முதல் 45 பேர் இருக்கும், பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாத ஒரு பள்ளியை மனத்தில் வைத்து நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறோம்: ஸ்மார்ட் போர்டில் நான்கு கட்டம், அச்சிட்ட அட்டையால் விடை காட்டும் பிளிக்கர்ஸ், கணினியில் வினாடி வினாப் போட்டியான கஹூட், நினைவு அட்டைச் செயலியான அன்கி.

## எதை வைத்து எடைபோடுவது

ஒரு சொல் பிள்ளையின் சொந்தச் சொல்லாக மூன்று படி ஏற வேண்டும். முதலில் பொருள் பிடிபட வேண்டும். அடுத்து, புத்தகம் இல்லாமல் நினைவுக்கு வர வேண்டும். கடைசியாக, தன் வாக்கியத்தில் சரியாக எழுத வர வேண்டும். பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம், ஒரு படிக்கான கருவியை இன்னொரு படிக்குப் பயன்படுத்துவது. பொருளே பிடிபடாத சொல்லுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தால், பிள்ளைகள் விடையின் நிறத்தை மனப்பாடம் செய்வார்கள்.

ஆகவே முதல் கேள்வி, இந்தக் கருவி எந்தப் படிக்கு உதவுகிறது என்பது. அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை: ஆளுக்கொரு கருவி தேவையா, பத்துச் சொல்லுக்கு ஆசிரியர் எத்தனை நிமிடம் உட்கார வேண்டும், தமிழ் எழுத்து ஒழுங்காக வருமா, நெட் போனால் என்ன ஆகும், யாருக்கு எந்தச் சொல் தெரியவில்லை என்ற பதிவு கையில் மிஞ்சுமா.

எந்தச் சொற்கள் என்பதும் முக்கியம். அமெரிக்கக் கல்வியாளர்கள் இசபெல் பெக்கும் மார்கரெட் மெக்கியோனும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள்: அன்றாடச் சொற்கள், எல்லாப் பாடத்திலும் வரும் கல்விச் சொற்கள், ஒரு பாடத்துக்கே உரிய கலைச்சொற்கள். நாம் மூன்றாவது அடுக்கையே பிடித்துக்கொண்டு நடுவடுக்கை விட்டுவிடுகிறோம். ‘வேறுபடுத்துக’ என்று கேட்டால் இரண்டுக்கும் வரையறையைத் தனித்தனியாக எழுதிவிட்டுப் போகும் பிள்ளைக்கு நிறையும் எடையும் தெரிந்திருக்கலாம். தெரியாத சொல் ‘வேறுபடுத்துக’. வரையறு, வருவி, காரணம் கூறுக, நிறுவுக எல்லாம் இந்த நடுவடுக்கைச் சேர்ந்தவை. பத்துச் சொல் பட்டியல் போட்டால் அதில் குறைந்தது இரண்டு இந்த வகையாக இருக்கட்டும்.

## நான்குக்கும் பொதுவான மறைசெலவு

கருவியைத் திறக்கும் முன்பே நேரத்தைத் தின்னும் விஷயங்கள் இரண்டு.

முதலாவது எழுத்துரு. பள்ளியில் பல வருடமாகச் சேர்ந்த வினாத்தாள்கள் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அதை நகலெடுத்து இணையக் கருவியில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய பிறகும் ஒரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். பாடநூல் பிடிஎஃப்-இலிருந்து நேரடியாக எடுத்தாலும் எழுத்துகள் பெரும்பாலும் சிதறிவிடும். பத்து வரையறைதான் என்றால், போனில் புதிதாகத் தட்டச்சு செய்வதே விரைவு.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது: ஆயத்தமாகக் கிடைக்கும் தமிழ்த் தொகுப்புகள். இலங்கைப் பாடநூல்களின் கலைச்சொல் மரபு வேறு. அதுவும் நன்கு வளர்ந்த மரபுதான். நம் தேர்வுக்குப் பொருந்தாது என்பதே சிக்கல். இந்தப் பட்டியலைப் பாருங்கள்:

| கருத்து | தமிழ்நாட்டுப் பாடநூல் | இலங்கைப் பாடநூல் |
|---|---|---|
| மாஸ் | நிறை | திணிவு |
| வெயிட் | எடை | நிறை |
| எனர்ஜி | ஆற்றல் | சக்தி |
| பவர் | திறன் | வலு |
| ஆக்சிலரேஷன் | முடுக்கம் | ஆர்முடுகல் |
| போட்டோசிந்தசிஸ் | ஒளிச்சேர்க்கை | ஒளித்தொகுப்பு |

‘ஆர்முடுகல்’ வந்தால் பிள்ளை நின்று கேட்கும். ‘நிறை’ வந்தால் கேட்காது. தெரிந்த சொல் என்று நினைத்துத் தவறான பொருளோடு போய்விடும். இயந்திர மொழிபெயர்ப்பிலும் இதே கதை. பவர், எனர்ஜி இரண்டுக்குமே ‘சக்தி’ என்று போட்டுக் கொடுப்பது உண்டு. யார் செய்த தொகுப்பாக இருந்தாலும் பாடநூலை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் சரிபார்க்காமல் வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

## ஸ்மார்ட் போர்டில் நான்கு கட்டம்

1969-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரதி ஃபிரேயரும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்த முறை இது. நடுவில் சொல், சுற்றி நான்கு கட்டம்: வரையறை, பண்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு அல்லாதவை. ‘வேலை’ என்ற சொல்லுக்கு அது இப்படி நிரம்பும்.

| வரையறை | பண்புகள் |
|---|---|
| விசை செயல்பட்டு, பொருள் அந்த விசையின் திசையில் இடம்பெயர்ந்தால் வேலை செய்யப்படுகிறது | விசை × இடப்பெயர்ச்சி, அலகு ஜூல், இடப்பெயர்ச்சி சுழி என்றால் வேலையும் சுழி |
| எடுத்துக்காட்டு | அல்லாதவை |
| கிணற்றிலிருந்து வாளியை மேலே இழுப்பது | அசையாத சுவரைத் தள்ளிக்கொண்டே நிற்பது. தலையில் குடத்தோடு ஒரே இடத்தில் நிற்பது |

உயிர் நான்காவது கட்டத்தில்தான் இருக்கிறது. “வேர்க்க விறுவிறுக்கச் சுவரைத் தள்ளினேன், வேலையே செய்யலையா?” என்று ஒரு பிள்ளை கேட்கும் நொடியில்தான் அன்றாடப் பொருளும் அறிவியல் பொருளும் பிரிகின்றன. அதனால் அந்தக் கட்டத்தை ஆசிரியர் முன்கூட்டியே நிரப்பிக் காட்டக் கூடாது. மூன்று கட்டத்தைத் திரையில் வையுங்கள்; நான்காவதைக் காலியாக விட்டு, இரண்டிரண்டு பேராகப் பேசச் சொல்லி, மூன்று நிமிடம் கழித்து அவர்கள் சொல்வதை எழுதுங்கள்.

ஒரு பீரியடில் மூன்று சொல்தான் முடியும். ஆறு என்று திட்டமிட்டால் கடைசி மூன்றும் வெறும் வாசிப்பாகிவிடும். தயாரிப்புக்குச் சொல்லுக்கு ஐந்து நிமிடம் போதும். வார்ப்புருவை ஒருமுறை செய்துவிட்டால் அடுத்த வருடமும் பயன்படும். நெட் வேண்டாம். கரண்ட் போனால் கரும்பலகையில் அதே நான்கு கட்டத்தை வரையலாம். கற்றல் ஒரு துளியும் குறையாது. ஸ்மார்ட் போர்டு இல்லாத ஆசிரியர்கள் ஏங்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சாட்சி. போர்டு தரும் கூடுதல் பலன் படமும் அசைவும்தான். ஒளிவிலகல், சவ்வூடு பரவல் போன்ற சொற்களுக்கு அது நிஜமாகவே உதவும். 2018-19 முதல் வந்த புதிய பாடநூல்களில் உள்ள க்யூஆர் குறியீடுகள் வழியே கிடைக்கும் காணொளிகளை இங்கே சேர்க்கலாம், ஆனால் முந்தின நாளே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பலவீனம் ஒன்று உண்டு. 45 பேரில் ஏழெட்டுப் பேர்தான் வாய் திறப்பார்கள். மற்றவர்களுக்குப் புரிந்ததா என்பது இந்த முறையில் தெரியாது.

## பிளிக்கர்ஸ் அட்டை

அந்த இடைவெளியை அடைப்பதற்கு, பிள்ளைகளிடம் போன் இல்லாத வகுப்பில், இதைவிடப் பொருத்தமான கருவியை நாம் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு அச்சிட்ட அட்டை. நடுவில் கறுப்புச் சதுரங்களால் ஆன குறி, நான்கு பக்கமும் சின்னதாக ஏ, பி, சி, டி. தன் விடை மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடித்தால், ஆசிரியரின் போன் கேமரா வகுப்பை வருடிக்கொண்டு போகும்போது அத்தனை விடையும் பதிவாகிவிடும். ஒவ்வொருவர் குறியும் வேறு என்பதால் பக்கத்தில் பார்த்துத் திருப்புவது கடினம். தவறான விடை சொன்னவர் யார் என்பது வகுப்புக்குத் தெரியாது, ஆசிரியருக்கு மட்டும் தெரியும். பயந்து ஒதுங்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

அட்டை எண்ணும் வருகைப்பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். பெரிய தொகுப்பில் 63 அட்டை வரை உண்டு. ஏ4 தாளில் இரண்டு வீதம் எடுத்தால் 45 பேருக்கு 23 தாள். ஜெராக்ஸ் கடையில் தடித்த தாளில் எடுங்கள். லேமினேட் செய்தால் பளபளப்பில் ட்யூப் லைட் எதிரொளித்துக் கேமரா படிக்காது; இது எல்லாரும் ஒருமுறை செய்யும் தவறு. இன்னும் இரண்டு: விரல் குறியின் மேல் படுவது, ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்காரும் பிள்ளைகளின் அட்டை இருட்டாகத் தெரிவது. முதலாவதற்கு ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள். இரண்டாவதற்குப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். ஆசிரியரின் போனுக்கு நெட் வேண்டும்.

இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு ஐந்து கேள்விதான். கலைச்சொல்லுக்கு அது போதும். ஐந்து கேள்வியை எட்டுப் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். நேரம் பிடிப்பது கேள்வி எழுதுவதில்தான். நான்கு விடையில் ஒன்று சரி, ஒன்று அன்றாடப் பொருள், ஒன்று பக்கத்துச் சொல்லின் பொருள், ஒன்று அரைகுறை என்று அமைந்தால்தான் முடிவைப் பார்த்து ஏதாவது செய்ய முடியும். உதாரணமாக:

தலையில் குடத்தோடு அசையாமல் நிற்பவர் செய்யும் வேலை எவ்வளவு?
ஏ. குடத்தின் எடைக்குச் சமம்
பி. சுழி
சி. நிற்கும் நேரத்தைப் பொறுத்தது
டி. குடத்தின் நிறையையும் உயரத்தையும் பொறுத்தது

பாதி வகுப்பு ‘சி’ காட்டினால் அன்றாடப் பொருள் இன்னும் போகவில்லை. நான்காவது கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். ‘டி’ அதிகமாக வந்தால் நிலையாற்றலோடு குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. இப்படிப் பத்துக் கேள்வி எழுத ஒரு மணி நேரமாவது ஆகும். அறிவியல் ஆசிரியர்கள் இருவர் பிரித்துக்கொண்டால் பாரம் பாதி.

எழுத்துத் திறனை இது சோதிக்காது. அட்டையைத் திருப்பத் தெரிந்தவருக்கு வரையறை எழுத வரும் என்று எண்ணிவிடக் கூடாது.

## லேபில் கஹூட்

நார்வேயில் பிறந்து 2013-இல் வெளிவந்த இந்தப் போட்டிக் கருவியில் வகுப்பே துள்ளும். அந்த உற்சாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைக் கடைசிப் பீரியடில் 45 பேரை ஒரு கேள்வியைப் பார்க்க வைக்கிறது என்றால் சாதாரணம் இல்லை. ஆனால் கலைச்சொல்லுக்கு இது மூன்று இடத்தில் இடறுகிறது.

முதலில் கணினி. லேபில் ஆளுக்கொன்று கிடைக்காது. குழு முறையில் மூன்று பேருக்கு ஒரு கணினி கொடுத்தால், மவுஸைப் பிடித்தவர் விளையாடுவார், மற்ற இருவர் வேடிக்கை பார்ப்பார்கள். கேள்விக்குக் கேள்வி கை மாற வேண்டும் என்று விதி வையுங்கள். லேபுக்குப் போய்வரும் பத்து நிமிடத்தையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது நேரம். இயல்பாக ஒரு கேள்விக்கு 20 வினாடி, விரைவாகச் சொன்னால் அதிகப் புள்ளி. மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்குச் சொல் தெரிந்திருந்தாலும் தோல்வி. சொல்லறிவைச் சோதிக்க வேண்டிய இடத்தில் வாசிப்பு வேகத்தைச் சோதிக்கிறோம். நேரத்தை 60 வினாடியாக்குங்கள். தேவைப்பட்டால் புள்ளியே இல்லாத அமைப்புக்கு மாற்றுங்கள். பிள்ளையின் திரையில் நிறமும் வடிவமும் மட்டும் தெரியும் அமைப்பு இருக்கும். கேள்வியும் விடையும் அங்கேயே தெரியும்படி மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது தமிழ் எழுத்து. கேள்விக்கு 120, விடைக்கு 75 எழுத்துக்குறிகள் என்று வரம்பு. நம் கண்ணுக்கு ‘திசைவேகம்’ ஐந்து எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது ஒன்பது. ஆங்கிலத்தில் வசதியாக அடங்கும் கேள்வி தமிழில் பாதியில் முட்டி நிற்கும். அதற்காகச் சுருக்கினால் நுட்பம் போய், “வேலையின் அலகு எது?” போன்ற மேலோட்டமான கேள்விகளே மிஞ்சும்.

இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்ற வரம்பு மாறிக்கொண்டே இருப்பதால் முந்தின நாள் பார்த்துக்கொள்வது நல்லது. பாடம் முடிந்து, பொருள் பிடிபட்டு, மறுபார்வைக்கு நிற்கும் சொற்களுக்கு மாதம் ஒருமுறை இதை வையுங்கள். புதுச் சொல்லை அறிமுகப்படுத்த வேண்டாம்.

## வீட்டில் அன்கி

2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் உரைப்பகுதிகளை வைத்துச் செய்த ஆய்வு பலருக்கும் தெரிந்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னிலை. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முன்னிலை. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. இப்படி நினைவிலிருந்து எடுக்க வைத்து, மறக்கப் போகும் தருணத்தில் மறுபடி கேட்கும் வேலையை அன்கி தானாகவே செய்கிறது.

ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐபோனில் காசு. ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமல் ஓடும். ஆசிரியர் தொகுப்பைச் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். கூகுள் ஷீட்டில் ஒரு பத்தியில் கேள்வி, அடுத்ததில் விடை என்று எழுதி, சிஎஸ்வி கோப்பாக இறக்கி, அன்கியில் ஏற்றுங்கள். எக்ஸெலில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

அட்டையின் முன்பக்கம் வரையறை, பின்பக்கம் சொல் என்று வையுங்கள். திருப்பி வைத்தால் நீண்ட வரையறையைத் தான் சரியாகச் சொன்னோமா என்று பிள்ளையே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். தன்மேல் இரக்கம் காட்டித் “தெரியும்” என்று அழுத்திவிடும். 11, 12-இல் பின்பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் சேர்க்க வேண்டும். கல்லூரிக்குப் போனதும் ‘ஒளிச்சேர்க்கை’ தெரிந்தும் ‘போட்டோசிந்தசிஸ்’ தெரியாமல் முழிக்கும் நிலை இங்கேதான் தவிர்க்கப்படுகிறது.

இரண்டு அமைப்பை மாற்றாமல் கொடுத்தால் மாதத்தில் கைவிட்டுவிடுவார்கள். புதிய அட்டை நாளுக்கு 20 என்று இருக்கும்; ஐந்தாகக் குறையுங்கள். தினமும் சேரும் மறுபார்வை, புதிய அட்டைகளின் எண்ணிக்கையைப் போல் சுமார் ஏழெட்டு மடங்கு வரை வளரும். ஐந்து என்றால் பத்து நிமிடம், இருபது என்றால் அரை மணிக்கு மேல். விடையைப் பார்த்தபின் அழுத்தும் நான்கு பொத்தானில் ‘அகெய்ன்’ (தெரியவில்லை), ‘குட்’ (தெரிந்தது) இரண்டை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். ‘ஹார்ட்’ என்பதை அன்கி தெரிந்த விடையாகவே எடுத்துக்கொள்கிறது. மறந்துபோன சொல்லுக்கு அதை அழுத்தினால் கணக்கே குலையும்.

கற்ற பிறகும் எட்டு முறை தவறும் அட்டையை அன்கி தனியே அடையாளமிடும். அதற்கு அங்கே பெயர் ‘லீச்’, அதாவது ரத்தம் உறிஞ்சும் அட்டை. அந்தப் பட்டியலை வாரம் ஒருமுறை கேட்டு வாங்குங்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் பொருளே பிடிபடாத சொற்கள். மறுபடி நான்கு கட்டத்துக்கு வர வேண்டியவை.

பெரிய மறைசெலவு வீட்டுப் போன். அது அப்பாவின் போன். அவர் இரவு எட்டுக்கு வருவார், அல்லது வெளியூரில் இருப்பார். போன் கிடைக்காத பிள்ளைகள் வகுப்பில் ஐந்தில் ஒருவராக இருந்தாலும் அன்கியைக் கட்டாயமாக்கக் கூடாது. அவர்களுக்குச் செருப்புப் பெட்டி போதும்: ஐந்து தடுப்பு, காகித அட்டை. தெரிந்தால் அடுத்த தடுப்பு, தெரியாவிட்டால் முதல் தடுப்பு. முதல் தடுப்பைத் தினமும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது. அன்கியின் கருத்தும் ஏறக்குறைய இதேதான்.

## ஒரே பார்வையில்

| | நான்கு கட்டம் | பிளிக்கர்ஸ் | கஹூட் | அன்கி |
|---|---|---|---|---|
| எந்தப் படி | பொருள் | பொருள் சரிபார்ப்பு | மறுபார்வை | நினைவு |
| பிள்ளைக்குக் கருவி | வேண்டாம் | காகித அட்டை | கணினி | வீட்டுப் போன் |
| 10 சொல்லுக்குத் தயாரிப்பு | 50 நிமிடம் | 1 மணி அல்லது மேல் | 40 நிமிடம் | 30 நிமிடம் |
| நெட் | வேண்டாம் | ஆசிரியருக்கு மட்டும் | எல்லாருக்கும் | இறக்க மட்டும் |
| ஆள்வாரிப் பதிவு | இல்லை | உண்டு | குழுவானால் இல்லை | பிள்ளையிடம் மட்டும் |

## எந்த வகுப்புக்கு எது

8, 9-ஆம் வகுப்புக்கு நான்கு கட்டமும் பிளிக்கர்ஸும் போதும். திங்கள் மூன்று சொல், புதன் மூன்று சொல், வெள்ளி ஐந்து பிளிக்கர்ஸ் கேள்வி. அவற்றில் இரண்டு போன வாரச் சொற்களிலிருந்து வரட்டும். பத்தாம் வகுப்பில் நேரம் நெருக்கும். அங்கே குழப்பும் இணைகளுக்கு மட்டும் நான்கு கட்டம் போடுங்கள்: நிறை–எடை, வேகம்–திசைவேகம், மின்தடை–மின்தடை எண். மற்றவற்றை நேரே பிளிக்கர்ஸில் கேட்டுவிடலாம். 11, 12-இல் சொற்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறுவதால் அன்கி அல்லது செருப்புப் பெட்டி இல்லாமல் சமாளிப்பது கடினம்.

ஒரே ஒரு கருவிக்குத்தான் நேரம் என்றால் நான்கு கட்டத்தை எடுங்கள். கரும்பலகையில் என்றாலும் சரி.

மூன்றாவது படியான எழுதுவதற்கு இந்த நான்கில் எதுவும் இல்லை. அதற்கு நோட்டுதான். வெள்ளி பிளிக்கர்ஸ் முடிந்ததும் ஏழு நிமிடம் ஒதுக்கி, அந்த வாரச் சொற்களில் இரண்டையும் ‘ஏனெனில்’ என்ற சொல்லையும் சேர்த்து ஒரே வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். “நிலாவில் என் நிறை மாறாது, எடை குறையும், ஏனெனில் அங்கே ஈர்ப்பு முடுக்கம் குறைவு” என்று எழுதும் பிள்ளைக்கு நிறையும் எடையும் பிரிந்துவிட்டன. 45 நோட்டையும் திருத்த வேண்டாம். பிளிக்கர்ஸில் தவறாகத் திருப்பியவர்களின் நோட்டை மட்டும் வாங்கிப் பாருங்கள், பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும்.